முன்குறியின் கறுப்பு

வியாழக்கிழமைகளில் பின்னேரம், இங்கே சுவிஸில், எம்மன்புரூக்கேயில் ஒரு வீட்டுக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறேன். ஆறு வருடமாகப் போகிறேன். காலையில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைக்கூடத்தில் வேலை. அது முடிந்து பேருந்தில் மூன்று தரிப்பு கடந்து இறங்கினால், ஆற்றோரமாக நாலு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கும். மூன்றாம் மாடியில் வலது பக்க வீடு. வீட்டுக்காரம்மாவுக்கு அறுபத்தேழு வயது. தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து நாலு வருடம், பிள்ளைகள் இல்லை. அவரை நான் 'ஃபிராவ்', அதாவது திருமதி, என்று சேர்த்துக் குடும்பப் பெயரால்தான் கூப்பிடுவேன். அவரும் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். இங்கே பெயர்கள் வேண்டாம் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஐம்பத்தொரு வயது. யாழ்ப்பாணத்தில் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. ஜேர்மன் மொழி சலவைக்கூடத்தில் துணி மடிக்கும்போது காதில் விழுந்து வந்தது. ஆரோடும் அதிகம் கதைக்க மாட்டேன், தமிழிலும் அப்படித்தான். வீட்டுக்காரம்மா ஜேர்மனில் சொன்னதை இங்கே என் பேச்சிலேயே எழுதுகிறேன். அது எனக்குள் அப்படித்தான் நிற்கிறது.

துவக்கு அந்தக் குசினி மேசைக்கு வந்தது போன வருடம், மாரி முடிகிற நேரத்தில். நான் குளியலறை முடித்து வாளியோடு வெளியே வந்தபோது அவர் மேசையில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வைத்துக்கொண்டு இருந்தார்.

"ஒரு உதவி கேக்கவேணும். ஏலாது எண்டால் ஏலாது எண்டு சொல்லுங்கோ. நான் ஒண்டும் நினைக்க மாட்டன்," என்றார்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு கைத்துவக்கு. மரப்பிடி, நீளமான கறுப்புக் குழல்.

நான் துவக்கைக் கண்டால் நிலத்தைப் பார்த்து நடக்கப் பழகியவள். ஊரில் எனக்கு நினைவு தெரிந்த நாள் தொடக்கம் துவக்கு எப்போதும் வேறு ஒருவரின் கையில் இருந்தது. அந்த ஆள் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொல்லக் கூடாது. கண்ணைப் பார்க்கக் கூடாது. இங்கே வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அன்றும் என் கண் தானாகக் கீழே போய், மேசை விரிப்பில் இருந்த நீலப் பூக்களில் நின்றது.

வீட்டுக்காரம்மா அதைக் கவனித்திருக்க வேண்டும். கதிரையை இழுத்து என்னை இருக்கச் சொன்னார். பிறகு மெதுவாக ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். ரவைக்கூட்டைக் கழற்றி வேறாக வைத்தார். துவக்கைத் திறந்து, உள்ளே ரவை இல்லை என்று தானும் பார்த்து என்னையும் பார்க்க வைத்தார். குழலை யன்னல் பக்கம் பிடித்தபோது அதன் ஊடாக வெளிச்சம் ஒரு சின்ன வட்டமாகத் தெரிந்தது. பிறகு செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கயிறு ஒன்றைக் குழலுக்குள் விட்டு, நுனி வெளியே தெரியும்படி செய்தார்.

"இப்ப இது வெறும் இரும்பு. கயிறு வெளியில தெரியிற வரைக்கும் இது ஒருத்தரையும் ஒண்டும் செய்யாது."

இது சின்ன ரவை போடுகிற விளையாட்டுப் போட்டித் துவக்கு என்றார். கடதாசி இலக்கில் சுடுவதற்கு மட்டும். அவரும் கணவரும் முப்பது வருடம் ஒரே சங்கத்தில் சுட்டவர்கள். இரண்டு பேருடைய துவக்கையும் கணவர்தான் துப்புரவு செய்வாராம். அவர் போன பிறகு இவரே செய்து வந்தார். இப்போது விரல் மூட்டுகள் வீங்கி, மெல்லிய தூரிகைக் கம்பியைப் பிடிக்க முடியவில்லை. விரல்களை விரித்துக் காட்டினார். இஞ்சித் துண்டுகள் போல் இருந்தன.

நான் ஓம் என்றேன். ஏலாது என்று சொல்ல எனக்கு வராது. அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது என்னைக் கட்டிய மனிசன் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டுப் பார்த்தார்.

"துவக்குக்குப் பயந்து கொழும்பு வழியா ஓடி வந்த ஆள், இஞ்ச வந்து துவக்கு மினுக்கப் போறீரோ?"

"அவவுக்கு விரல் ஏலாதாம்."

"எனக்கெண்டால் தொடவே ஏலாது. எங்கட நாட்டுப் பாஸ்போட் வைச்சிருக்கிறவைக்கு இஞ்ச துவக்குத் தடை. உம்மட்டத்தானே சிவப்புப் புத்தகம் இருக்கு. சுடும், சுடும்."

"சுடுறதில்லை. துடைக்கிறதுதான்."

"அதுதானே. சுவிஸ் பாஸ்போட் எடுத்தும் துடைக்கிற வேலைதான்," என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், யன்னல்கள் முடித்த பிறகு, அந்தப் பெட்டி மேசைக்கு வரும். அவர் திறந்து காட்டுவார். நான் மேசையில் பழைய செய்தித்தாள் விரிப்பேன். சின்ன ரவையில் மெழுகும் ஈயமும் இருக்கும். அதன் கரி துவக்கின் உள்ளே சேற்றைப் போல் ஒட்டி இருக்கும். முதலில் தூரிகை, பிறகு சதுரமாக வெட்டிய சீலைத்துண்டுகள். ஒவ்வொரு துண்டும் குழலுக்குள் போய்க் கறுப்பாக வரும், அடுத்தது சாம்பலாக வரும், கடைசியில் ஒன்று வெள்ளையாக வரும். அந்த வெள்ளைத் துண்டைப் பார்க்க எனக்கு ஒரு நிம்மதி. எண்ணெய் ஒரு துளி போதும். கூடினால் தூசு பிடிக்கும் என்பார். "வெளிப்பக்கம் சும்மா ஒரு சீலையால துடைச்சால் காணும்," என்பார். முதல் மாதம் அதை விரல் நுனியால்தான் தொட்டேன். சித்திரை, வைகாசி வர முழுக் கையாலும் பிடித்தேன். அது என் வேலைகளில் ஒன்றாகிவிட்டது, குளிர்பெட்டியைத் துடைப்பது போல.

துடைக்கும் நேரத்தில் அவர் கதைப்பார். நான் கேட்பேன். அப்படித்தான் அவர் கண்ணைப் பற்றி அறிந்தேன்.

குழலின் நுனியில் சின்னத் தகடு ஒன்று நிமிர்ந்து நிற்கிறது. அதுதான் முன்குறி. பின்னால், கைக்குக் கிட்ட, நடுவில் சதுரமாக வெட்டிய இன்னொரு தகடு. அது பின்குறி. பின்தகட்டின் வெட்டுக்குள் முன்தகடு நடுவாகத் தெரிய வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். இலக்கு மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. முன்குறிதான் கூராகத் தெரிய வேண்டும். வயது போன கண்ணுக்கு அந்தத் தூரம்தான் முதலில் மங்கும் என்றார். கண் டொக்டர், கண்ணில் புரை தொடங்கியிருக்கிறது, இன்னும் வெட்ட வேண்டிய அளவு இல்லை என்று சொல்லியிருந்தாராம்.

ஐப்பசியில் சங்கத்தின் கடைசிச் சூடு. அதோடு வெளி மைதானத்தை மூடி, மாரிக்கு நிலவறைக்குள் போய்விடுவார்கள். அவர் தனக்கு ஒரு கணக்கு வைத்திருந்தார். கடைசிச் சூட்டில் முப்பது ரவையில் குறைந்தது இருபது கறுப்பு வட்டத்துக்குள் விழ வேண்டும். விழாவிட்டால் துவக்கை ஆயுதக்கடைக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சங்கத்தை விட்டு விலகுவது.

"சும்மா போய்ச் சுடலாம்தானே," என்றேன். நான் அவரிடம் யோசனை சொன்னது அதுதான் முதல் தரம்.

"கடதாசிக்கு வெளியில சுடத் தொடங்கினால் மற்றவைக்குச் சொல்லவும் கஷ்டம், நிப்பாட்டவும் கஷ்டம். அதுக்கு முதல் நானே நிக்கவேணும்." பிறகு, "செவ்வாய்க்கிழமை பயிற்சிக்கு அங்க போகாட்டில், வியாழக்கிழமை நீங்கள் வருமட்டும் நான் ஒருத்தரோடயும் கதைக்கிறேல்லை," என்றார். யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னார்.

அந்தக் கடைசிச் சூட்டுக்கு ஒன்பது நாள் இருந்த வியாழக்கிழமை நான் செய்ததைத்தான் சொல்ல வருகிறேன்.

அவர் வீட்டு நடையில் ஒரு பெரிய பித்தளை மாட்டுமணி தொங்குகிறது. கணவர் சூட்டுப் போட்டியில் வென்ற பரிசு. அது மங்கிப்போயிருந்தது. என் வீட்டுச் சாமியறை விளக்குகளுக்குப் பூசித் தேய்க்கும் பசையை அன்று பையில் கொண்டு போயிருந்தேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான். எனக்கு ஒருவரிடம் அன்பு இருந்தால் வாயால் சொல்ல வராது. எதையாவது எடுத்து மினுக்கிவிடுவேன். மணியைத் தேய்த்தேன். நல்ல மினுக்கம் வந்தது. அவர் மகிழ்ந்து, அதை ஒரு தரம் தட்டிப் பார்த்தார்.

பிறகு துவக்கு. உள்ளே துப்புரவாக்கி, வெள்ளைத் துண்டு வரும்வரை தள்ளி முடித்தேன். அப்போது அவருடைய தங்கை தொலைபேசியில் வர, அவர் பல்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். நீண்ட நேரம் கதைத்தார். நான் வெளிப்பக்கம் துடைத்தேன். முன்குறியில் கறுப்பாக ஏதோ படிந்து, துடைக்கத் துடைக்கச் சீலையில் ஒட்டியது. அத்தனை மாதமும் அதைத் தொடாமல் விட்டிருந்தேன். இவ்வளவு ஊத்தையை விட்டிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பசையில் கொஞ்சம் எடுத்து, சீலையை நகத்தில் சுற்றி, அந்தத் தகட்டைத் தேய்த்தேன். நாலு பக்கமும் தேய்த்தேன். கரி போனது, அதற்குக் கீழே இருந்த கறுப்புப் பூச்சும் போனது. தகடு வெள்ளி போல் மினுங்கியது. திரி வைக்கும் இடம் வரை மினுக்கிய விளக்கைப் போல. நல்ல வேலை செய்தேன் என்று நினைத்தேன். அதை நான் மறைக்கவில்லை. அவர் வந்ததும் காட்டுவோம் என்றுதான் இருந்தேன். ஆனால் அவர் திரும்பி வந்து, தங்கையின் கவலையில் எதையும் பார்க்காமல் துவக்கைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டார். என் வேலையை நானே எடுத்துக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. சீலையைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை கதவைத் திறந்தவர் சப்பாத்தைக் கழற்றச் சொல்லாமல் திரும்பிக் குசினிக்குப் போனார். துவக்குப் பெட்டி மேசையில் திறந்திருந்தது. செம்மஞ்சள் கயிறு வெளியே தெரிந்தது.

"இண்டைக்கு இதைத் துடைக்கத் தேவையில்லை," என்றார். "திங்கக்கிழமை கடைக்காரரிட்டக் குடுக்கப் போறன். கதைச்சிட்டன்."

நான் வாளியோடு நின்றேன்.

"சனிக்கிழமையும் போனனான், செவ்வாய்க்கிழமையும் போனனான். செவ்வாய்க்கிழமை முப்பதில ஏழு. ஏழு. முன்குறி சாம்பலாத் தெரியுது. வெயில் வந்தால் ஒரு பக்கம் வெளுக்குது, முகில் வந்தால் இன்னொரு பக்கம். எது தகடு, எது வெளிச்சம் எண்டு எனக்குத் தெரியேல்லை. கண் போயிட்டுது. நாளையிண்டைக்கு, சனிக்கிழமை, கடைசிச் சூட்டுக்குப் போகேல்லை. போய் என்னத்துக்கு?"

நான் மேசையைப் பார்த்தேன். யன்னல் வெளிச்சத்தில் குழல் நுனியில் அந்தத் தகடு மினுங்கிக்கொண்டிருந்தது. என் நகம் போன தடம்கூட எனக்குத் தெரிந்தது.

அந்தத் தகடு கறுப்பாக இருக்க வேண்டியது. அது ஊத்தை இல்லை. அந்த நிமிடத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. சொல்ல வேண்டிய ஜேர்மன் சொற்கள்கூட எனக்குத் தெரிந்தவைதான்: நான், தேய்த்தேன், என் பிழை. நாலு சொல். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் விரிப்பின் நீலப் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கவலையா இருக்கு," என்றேன். அதைச் சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போய்த் தொட்டியைத் தேய்த்தேன். இரண்டு தரம் தேய்த்தேன்.

வீட்டில் மனிசனிடம் சொன்னேன். அவர் முதலில் பகிடியாகத்தான் எடுத்தார்.

"சாமி விளக்கு மினுக்கிற பசையால துவக்கையும் மினுக்கிட்டீரோ? நல்ல காலம், பொட்டு வைக்கேல்லை."

நான் சிரிக்கவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை மாற்றினார்.

"சரி, அவவின்ர கண்ணில புரை எண்டு டொக்டரே சொன்னவர்தானே. கண்ணாலயும் இருக்கும்."

"அதுக்குத்தான் ஏழு எண்டு நினைக்கிறா. ஏழு என்னாலதான்."

"சொன்னால் வேலையால நிப்பாட்டிப்போடுவா. சொல்லாட்டில் அவ துவக்கைக் குடுத்துப்போடுவா, விசயம் முடிஞ்சுது. எங்களிட்டக் காப்புறுதி இருக்கு, அதில போட ஏலுமோ எண்டு பாப்பம்." பிறகு சொன்னார், "துவக்கு இல்லாத வீடும் நல்லதுதானே."

எனக்கும் அந்த எண்ணம் வராமல் இல்லை. துவக்கு ஒன்று ஒரு வீட்டை விட்டுப் போவதில் என்ன தீமை. ஊரில் அதற்காக எத்தனை பேர் நேர்த்தி வைத்தார்கள். ஆனால் இந்தத் துவக்கு போனால் கூடவே போவது செவ்வாய்க்கிழமை. அதையும் நான் அறிவேன். தன் கண் தன்னை விட்டுவிட்டது என்று ஒருவர் நம்பிக்கொண்டு இருக்கிறார். அது பொய் என்று அவருக்குச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான்.

தொலைபேசியில் என் ஜேர்மன் இன்னும் மோசம். அடுத்த நாள் வெள்ளிக்கிழமை, சலவைக்கூடம் முடிந்ததும் நேரே போய் மணியை அடித்தேன். இந்த நாட்டில் சொல்லாமல் ஒருவர் வீட்டு மணியை அடிப்பதில்லை. ஆறு வருடத்தில் வியாழக்கிழமை தவிர வேறு நாளில் அந்த மாடிப்படியில் நான் ஏறியதும் இல்லை. கதவைத் திறந்தவர் என் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார்.

"ஏதும் நடந்ததோ?"

நான் பையிலிருந்து சீலையை எடுத்து நீட்டினேன். கறுப்பும் பசையின் வெள்ளையும் கலந்து காய்ந்திருந்தது. "கண் இல்லை. நான். முன்குறியைத் தேச்சனான். ஊத்தை எண்டு நினைச்சனான். விளக்குப் பசையால," என்றேன். எல்லாம் துண்டு துண்டாக வந்தது. கை காட்டித்தான் முடித்தேன்.

அவர் சீலையை வாங்கவில்லை. உள்ளே போனார். நான் வாசலில் நின்றேன். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பெட்டி திறக்கும் சத்தம். பிறகு நெடுநேரம் ஒன்றும் இல்லை. எட்டிப் பார்த்தேன். யன்னலோரம் நின்று பூதக்கண்ணாடியால் முன்குறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்கோ உள்ள. கதவைச் சாத்துங்கோ," என்றார்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"ஆறு நாள் நான் குருடியாகப் போறன் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தனான். சரி, அது உங்களுக்குத் தெரியாது. ஆனால் நேற்று நீங்கள் இந்த இடத்தில நிண்டீங்கள். நேற்றே உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"கவலையா இருக்கு எண்டு சொன்னீங்கள்."

"ஓம்."

"தேச்சது பிழையில்லை. நேற்றுச் சொல்லாமல் போனதுதான்." அதோடு அந்தக் கதையை நிறுத்திவிட்டார். பிறகும் அதைப் பற்றி எப்போதும் கதைக்கவில்லை.

இழுப்பறையிலிருந்து ஒரு தகரப் பெட்டி எடுத்தார். அதில் கணவர் சேர்த்து வைத்த முன்குறித் தகடுகள் மூன்று இருந்தன. ஒன்று மெல்லியது, ஒன்று நடுத்தரம், ஒன்று அகலம். குசினி அலுமாரியின் வெள்ளைக் கதவில் கறுப்புக் கடதாசி வட்டம் ஒன்றை ஒட்டினார்.

"திருகாணியை என்ர விரல் பிடிக்காது. நீங்கள் பிடியுங்கோ. திருகாணி மட்டும். வேற ஒண்டையும் தொடாதேங்கோ."

நான் மினுங்கிய தகட்டைக் கழற்றினேன். மெல்லிய தகட்டைப் பூட்டினேன். அவர் வெறும் துவக்கைத் தூக்கி, ஒரு கையால் நீட்டி, வட்டத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். நடுத்தரத்தைப் பூட்டினேன். பார்த்தார், கையை இறக்கினார், திரும்பவும் பார்த்தார். "இது என்ர பழைய அளவு. தெரியுது, ஆனால் தேடவேண்டி இருக்கு." அகலமானதை அவர் கேட்கவில்லை. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"அது கிழடுகளின்ர," என்றார்.

நான் தகட்டை அவர் பக்கம் நீட்டினேன். "சரி, பூட்டுங்கோ," என்றார்.

அகலத் தகட்டைப் பூட்டியதும், பின்குறியின் வெட்டையும் அதற்கேற்பக் கொஞ்சம் அகலமாக்கச் சொன்னார். அதற்கும் ஒரு திருகாணி இருந்தது. பிறகு தூக்கினார். இந்த முறை கை உடனே இறங்கவில்லை. மூச்சுவிடும் சத்தம் கேட்டது. "நிக்குது," என்றார். "ரெண்டு பக்கமும் வெளிச்சம் தெரியுது." குரலில் மகிழ்ச்சி இருக்கவில்லை. தன் வயதைத் தானே ஒரு அளவுகோலில் பார்த்தவரின் குரலாக இருந்தது.

ஆனால் அந்தத் தகடும் நீண்ட நாள் கிடந்து ஓரங்களில் தேய்ந்திருந்தது. அதைக் கறுப்பாக்க ஒரு தெளிப்பான் இருக்கிறது, அவருடையது முடிந்துவிட்டது, கடை திங்கள்தான் திறக்கும் என்றார். "என்ர அப்பா கற்பூரம் எரிச்சு அந்தப் புகையில பிடிப்பார். அப்ப மருந்துக்கடையில வாங்கலாம்."

கற்பூரம் என்ற சொல்லை ஜேர்மனில் நான் அதற்கு முதல் கேட்டதில்லை. ஆனால் விளங்கிவிட்டது. "எங்கட வீட்டில இருக்கு," என்றேன். "சாமிக்கு."

சனிக்கிழமை காலை நான் சாமியறைத் தட்டிலிருந்து கற்பூரப் பெட்டியை எடுத்ததை மனிசன் பார்த்துவிட்டார்.

"எங்க?"

"அவவின்ர வீட்டை. முன்குறிக்கு."

"சொல்லிட்டீரோ?"

"சொல்லிட்டன்."

"வேலை?"

"தெரியாது."

அவர் தலையைச் சொறிந்தார். "முப்பது வருசம் கும்பிட்டும் சாமி எங்களுக்கு ஒரு லொத்தர் விழுத்தேல்லை. துவக்குக்காவது காட்டிப் பாரும்," என்று சொல்லி, பேருந்துத் தரிப்புவரை கூட நடந்து வந்தார்.

பல்கனியில் காற்று இல்லை. ஒரு சின்னத் தகர மூடியில் கற்பூரத் துண்டை வைத்துக் கொளுத்தினேன். அவர் திறந்த துவக்கை இரண்டு கையாலும் பிடித்து, சுவாலை படாமல் புகை மட்டும் படும்படி குழல் நுனியைச் சாய்த்தார். கற்பூரப் புகை இவ்வளவு கறுப்பு என்று எனக்குத் தெரியும், சாமிப்படத்தின் கண்ணாடியில் வாரா வாரம் துடைப்பவள் நான்தானே. ஆனால் அது ஒன்றின் மேல் படிய வேண்டும் என்று காத்து நின்றது அன்றுதான். தகடு மங்கி, சாம்பலாகி, பிறகு வெளிச்சமே ஒட்டாத கறுப்பாகிவிட்டது. பின்குறியையும் பிடித்தோம். எங்கள் இரண்டு பேரின் முகங்களும் மிகக் கிட்ட இருந்தன.

"நீங்களும் வாங்கோ," என்றார், பெட்டியைப் பூட்டும்போது. அது அழைப்பா கட்டளையா என்று எனக்குத் தெரியவில்லை. போனேன்.

மைதானம் காட்டோரத்தில் ஒரு மரக்கொட்டில். காதை மூடும் கவசம் தந்தார்கள். அங்கிருந்தவர்களில் ஒரு வயதானவர் அவருடைய துவக்கை எட்டிப் பார்த்தார்.

"ஓ, உமக்கும் அகலத் தகடோ? கிழவர் சங்கத்துக்கு வாரும், வாரும்."

"முதல்ல உம்மட இலக்கில ஓட்டை விழுந்திருக்கோ எண்டு பாரும்," என்றார் வீட்டுக்காரம்மா. மற்றவர்கள் சிரித்தார்கள். வியாழக்கிழமைகளில் நான் அறிந்த ஆள் இப்படிக் கதைத்து நான் கேட்டதில்லை.

சூடு தொடங்கியபோது என் தலை குனிந்துவிட்டது. கவசத்துக்குள்ளும் அந்தச் சத்தம் உடம்பில் வேறு வழியாக நுழைந்தது. கால்கள் ஓடச் சொல்லின. சீமெந்து நிலத்தில் வெறும் ரவைக் கோதுகள் உருண்டு வந்து என் சப்பாத்தில் முட்டின. நான் அவற்றை எண்ணினேன். ஐந்து சோதனைச் சூடு. அவற்றை வைத்து அவர் பின்குறியைத் திருத்தினார். பிறகு முப்பது. பத்தாவதற்குப் பிறகு தலையை உயர்த்தி அவருடைய முதுகைப் பார்த்தேன். கை மெதுவாக மேலே போய், நின்று, இறங்கியது. வெயில் வந்து போனது. அவர் கை அதற்காக நிற்கவில்லை.

இலக்குக் கடதாசிகளை எடுத்து வந்து மேசையில் விரித்து, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். நானும் பக்கத்தில் நின்று எண்ணினேன். பத்தொன்பது.

இருபதுக்கு ஒன்று குறைவு. பசையை நான் தொடாமல் இருந்திருந்தால், அந்த ஒரு கிழமையும் அவர் ஒழுங்காகப் பயிற்சி எடுத்திருந்தால், அந்த ஒன்று விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அதை அவரிடம் சொன்னேன். இந்த முறை காத்திராமல் சொன்னேன்.

"இருக்கலாம்," என்றார். கடதாசிகளை மடித்து உள்பையில் வைத்தார். "செவ்வாய்க்கிழமை ஏழு. அதில எது உங்கட, எது என்ர எண்டு எனக்குத் தெரியாமல் இருந்தது. இந்தப் பத்தொன்பது முழுக்க என்ர. கண்ணும் பழுதுதான். எவ்வளவு பழுது எண்டு இப்ப தெரியுது."

"கடைக்காரருக்கு?"

"திங்கக்கிழமை ரெலிபோன் எடுத்து, வரேல்லை எண்டு சொல்லுவன். இருபது எண்டது நானே வைச்ச கணக்குத்தானே."

வேலையால் என்னை நிறுத்தவில்லை. அடுத்த வியாழக்கிழமை வழமை போல் கதவைத் திறந்தார். ஆனால் பெட்டியை எனக்காக மேசைக்குக் கொண்டு வரவில்லை. நான் நடையறையில் இஸ்திரிப்பெட்டியால் துணி அழுத்திக்கொண்டிருக்கும்போது குசினிக் கதவு சாத்திக் கிடக்கும். தூரிகைக் கம்பி உள்ளே போய் வரும் சத்தம் கேட்கும். இடையில் அது கீழே விழும் சத்தம் கேட்கும். நான் முன்பு பத்து நிமிடத்தில் செய்ததை அவர் அரை மணித்தியாலம் செய்வார். வெளியே வரும்போது விரல்களை அக்குளுக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டு வருவார். உதவட்டோ என்று கேட்க என் வாய்வரை வரும். கேட்கும் உரிமை போய்விட்டது என்று எனக்குத் தெரியும். கார்த்திகை, மார்கழி அப்படியே போனது.

தைப்பொங்கல் கழிந்த கிழமை, பல்கனிப் பக்கமிருந்து கற்பூர மணம் வந்தது. தானே எங்கேயோ தேடி வாங்கியிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"வந்து பாருங்கோ. தொடாதேங்கோ. பாத்துச் சொல்லுங்கோ."

யன்னல் வெளிச்சத்தில் குழல் நுனியைப் பிடித்திருந்தார். "எனக்குக் கறுப்பாத்தான் தெரியுது. ஆனால் என்ர கண்ணை நான் நம்பேல்லை. முழுக்கக் கறுப்போ?"

நான் குனிந்து பார்த்தேன். மேல் விளிம்பு நன்றாக இருந்தது. வலப்பக்கம் நன்றாக இருந்தது. இடப்பக்கம் கீழே மயிரளவு ஒரு கோடு விடுபட்டிருந்தது. அவருடைய விரல் மூட்டுகள் சிவந்து வீங்கியிருந்தன. திரும்பவும் புகை பிடிப்பது அவருக்கு எவ்வளவு சிரமம் என்று தெரிந்தது.

"இல்லை," என்றேன். "இடப்பக்கம், கீழ. மினுங்குது."

"நல்லாப் பாருங்கோ."

"பாத்தனான். மினுங்குது."

அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு பல்கனிக்குத் திரும்பிப் போய், தகர மூடியில் இன்னொரு துண்டு வைத்துக் கொளுத்தினார். நான் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே நின்றேன். புகை அடங்கியதும் குழலை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இந்த முறை எந்தப் பக்கம் பார்த்தாலும் கறுப்புத்தான். தலையை ஆட்டினேன். அவர் துவக்கைப் பெட்டிக்குள் வைக்கப் போனார். நான் அழுத்திப் பாதியில் விட்டு வந்த தலையணை உறையிடம் திரும்பிப் போனேன்.